ஒரே சம்ப், மூன்று தண்ணீர்

வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ பத்துப் பதினைந்து வருடம் ஆன ஓர் அடுக்ககத்தின் குளியலறைக்குள் நுழைந்தால், தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமலேயே பாதி விவரம் தெரிந்துவிடும். குழாயின் மூக்கில் வெள்ளைப் பொருக்கு. ஷவரைத் திறந்தால் நாலைந்து துளைகளில் மட்டும் தண்ணீர். அதிலும் ஒன்று சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். வாளியின் உட்புறம் எத்தனை முறை தேய்த்தாலும் போகாத சாம்பல் வளையம். சமையலறையில் மூன்று விசிலுக்கு மசிய வேண்டிய துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் அரைகுறையாக நிற்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் செல் சுவரிலிருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. பருப்பு வேகாது என்று ஒரு தண்ணீரைப் பற்றிச் சொன்னால், அதில் கிண்டல் எதுவும் இல்லை.

இதற்கு ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துகொள்கிறது. ஒருவர் வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு சிறு ஃபில்டர் மாட்டுகிறார். இன்னொருவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கெய்சரின் சுருளை மாற்றுகிறார். மூன்றாமவர் தலைமுடிக்காகக் கேன் தண்ணீரில் குளிக்கிறார். மேல்மாடிக்காரர் தன் வீட்டுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைக்கிறார். கீழ்வீட்டுக்காரர் தன் குழாயில் காற்று மட்டும் வருவதாகச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறார். எல்லோருக்கும் தண்ணீர் ஒரே சம்ப்பிலிருந்துதான் ஏறுகிறது, ஒரே தொட்டியிலிருந்துதான் இறங்குகிறது. ஆனாலும் 60 வீட்டுக் கட்டடத்தில் 60 தீர்வுகள். அடுக்ககங்களின் கடினநீர்ப் பிரச்சினையைச் சிக்கலாக்குவதில் தண்ணீரின் பங்கை விட இந்தப் பிரிந்து நிற்றலின் பங்கு பெரியது.

உப்பு என்ற ஒரே சொல்

தமிழில் ‘உப்புத் தண்ணீர்’ என்ற ஒரே சொல் பல நோய்களுக்குப் பெயராகிவிட்டது. நாக்கில் கரிப்பது சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பின் வேலை. குழாயில் வெள்ளையாகப் படிவதும், சோப்பை நுரைக்கவிடாமல் தயிர்போலத் திரிப்பதும் கால்சியமும் மெக்னீசியமும். வெள்ளைத் துணியையும் கோப்பையையும் பழுப்பாக்குவது இரும்பு. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடால் வருவது. நான்கும் ஒரே கிணற்றில் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. கால்சியத்தைப் பிடிக்கும் சாஃப்ட்னர், கரிப்பைத் துளியும் குறைக்காது.

கடினத்தன்மையை அளக்கும் அலகு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணை என்பது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. மொத்தக் கரைதிடப் பொருள், அதாவது டி.டி.எஸ்., 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லையென்றால் 2,000. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் வகைப்பாட்டில் 180-ஐத் தாண்டினாலே ‘மிகக் கடினமான’ நீர். அந்தக் கணக்கில் பார்த்தால், சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றுக்கு அந்த அட்டவணையின் கடைசி வரிதான் பொருந்தும்.

பேனா வடிவில் கைக்கு அடக்கமாக ஒரு டி.டி.எஸ். மீட்டர் இன்று அநேகமாக எல்லாச் சங்கச் செயலாளரிடமும் உண்டு. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். அந்தக் கருவி தண்ணீரின் மின்கடத்தலை அளந்து, கரைந்திருக்கும் அயனிகளை மொத்தமாக மதிப்பிடுகிறது. அதில் எத்தனை கால்சியம், எத்தனை சோடியம் என்று அதற்குத் தெரியாது. பொதுச் செலவில் சாஃப்ட்னர் வாங்கிய கட்டடத்தில் மறுநாளே ஒருவர் மீட்டரை நனைத்துப் பார்ப்பார். எண் அப்படியே இருக்கும், ஒரு பத்து கூடியும் இருக்கும். இயந்திரம் வேலை செய்யவில்லை என்று கூட்டத்தில் சண்டை வெடிக்கும். உண்மையில் அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைத்திருக்கிறது. மொத்தம் குறைய வாய்ப்பே இல்லை. கடினத்தன்மைக்குத் தனிச் சோதனை இருக்கிறது. நீரில் ஒரு சாயத்தைக் கலந்து, ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் சொட்டுகளை எண்ணினால் போதும். ஐந்து நிமிட வேலை.

பாறையும் கடலும் லாரியும்

சென்னையின் தெற்குப் பகுதி கெட்டியான பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியின் கருங்கல்லுக்கு நிலவியலில் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துச் சூட்டப்பட்ட பெயர் அது. இந்தப் பாறையில் தண்ணீர் தங்குவது வெடிப்புகளில்தான். கால்சியமும் மெக்னீசியமும் அடங்கிய கனிமங்களை உரசிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கும் தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. நூறு அடியில் கிடைத்த நீர் வற்றியதும் முந்நூறு, ஐந்நூறு அடி என்று போர் போடும்போது, நீண்ட காலம் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது.

கடலோரத்தின் கதை வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதியில் மணலுக்குள் நன்னீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதிப்படி, மேலே நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழே உவர்நீரின் எல்லை கோட்பாட்டளவில் 40 மீட்டர் ஏறும். கடல்நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமுக்கும் மேல். கிணற்று நீரில் இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே கடினம் 300 கூடிவிடும். கரிப்பு அதைவிட வேகமாகக் கூடும். வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக மோட்டார் வைத்து இறைத்ததால் கடல்நீர் உள்நாட்டுக்குள் நுழைந்தது, இந்திய நிலத்தடி நீர் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம்.

சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரும் எப்போதும் ஒரே தண்ணீர் கிடையாது. செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் நீர், 2004-இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தின் நீர், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலிலிருந்து சுத்திகரிக்கும் நீர் என்று மூலங்கள் பல. கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து நேராக வரும் நீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. குழாயை அரித்துவிடும் என்பதால் அதில் கொஞ்சம் கால்சியத்தை வேண்டுமென்றே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

போர், மெட்ரோ போக மூன்றாவது மூலம் லாரி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தபோது, அடுக்ககங்களை ஓட்டியவை தனியார் லாரிகளே. அந்த நீர் பெரும்பாலும் புறநகர் விவசாயக் கிணறுகளுடையது. இன்று ஒரு கிணறு, நாளை வேறு கிணறு.

இந்த மூன்றும் விழுவது ஒரே சம்ப்பில். காலையில் மெட்ரோ தண்ணீர் வந்த நாளில் கடினம் 150 இருக்கும். மாலையில் போர் ஓடினால் 400. லாரி கொட்டிய மறுநாள் அதற்கும் மேலே போகும். ஒரு நாள் தலைமுடி மென்மையாகவும் மறுநாள் கயிறாகவும் இருப்பதற்கு ஷாம்பூவைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட கடினத்துக்குக் கணக்கிட்டு மாட்டிய சாஃப்ட்னர் மூன்றாம் மாதமே ‘பழுதாகிவிட்டது’ என்று தோன்றுவதும் இதனால்தான்.

குழாய்க்குள் நடப்பது

1990-களின் முடிவு வரை கட்டிய கட்டடங்களில் ஜி.ஐ. பைப்தான். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். போர் தண்ணீரின் குளோரைடு துத்தநாகத்தைத் தின்றதும் இரும்பு துருப்பிடிக்கிறது. துருவின் முடிச்சுகளின் மேல் சுண்ணாம்பு ஏறுகிறது. அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது 9. விட்டம் பாதிக்குமேல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதே அழுத்தத்தில் வரும் தண்ணீரின் அளவு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். உட்சுவரின் சொரசொரப்பு அதையும் குறைக்கும்.

இந்த நட்டம் எல்லா மாடிக்கும் ஒரே அளவில் உறைப்பதில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. தரைத்தளமும் நான்கு மாடிகளும் உள்ள கட்டடத்தில், தொட்டியின் அடிப்பகுதி மேல்மாடி ஷவரைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே கிடைப்பது 0.3 கிலோ. தரைத்தளத்தில் அதுவே 1.5 கிலோ. ஐந்து மடங்கு. சுண்ணாம்பு கொஞ்சம் அடைத்தாலும் மேல்வீட்டில் ஷவர் சொட்டத் தொடங்குகிறது. கீழ்வீட்டுக்காரருக்குப் பிரச்சினை இருப்பதே தெரிவதில்லை. பொதுக்குழு கூட்டத்தில் குழாய் மாற்றும் தீர்மானம் தோற்றுப்போவதற்கு இந்த ஐந்து மடங்கு வித்தியாசமும் ஒரு காரணம்.

பின்னர் வந்த சி.பி.வி.சி. குழாய் துருப்பிடிப்பதில்லை, வழவழப்பான உட்சுவரில் சுண்ணாம்பு ஒட்டுவதும் குறைவு. வெந்நீரையும் தாங்கும். விலை குறைவு என்று வெந்நீர் லைனுக்கும் யு.பி.வி.சி. போட்டுவிட்டால், அது சூட்டில் தளர்ந்து இணைப்பில் ஒழுகும். பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிய கட்டடங்களில் படிவு ஒழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. ஷவர் துளை, குழாய் முனையின் வலை, ஃப்ளஷ் டேங்கின் மிதவை வால்வு, ஹெல்த் ஃபாசெட், வாஷிங் மெஷினின் சுருள் என்று தண்ணீர் சூடாகும் இடத்திலும், துளித்துளியாக நின்று உலரும் இடத்திலும் போய் உட்காருகிறது.

அதிகம் பாதிக்கப்பட்டும் யாரும் பார்க்காத பொருள் வால்வு. டக்ட்டுக்குள் இருக்கும் கேட் வால்வு பத்து வருடம் திறந்தபடியே இருந்தால் அதன் தண்டும் தட்டும் சுண்ணாம்பில் இறுகிவிடும். ஒருநாள் ஐந்தாவது வீட்டில் குழாய் உடைந்து வால்வை அவசரமாகத் திருகும்போது தண்டு கையோடு வரும். அப்புறம் மொட்டைமாடித் தொட்டியையே காலிசெய்ய வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா வால்வுகளையும் மூடித் திறக்கும் வழக்கம் இதற்கு மருந்து, செலவு கிடையாது. ஆனால் எந்த வால்வு எந்த லைனுக்கு என்று தெரிந்தவர் பல கட்டடங்களில் ஒரே ஒரு பிளம்பர், அல்லது பழைய வாட்ச்மேன். அவர் ஊருக்குப் போனால் கட்டடத்தின் வரைபடமும் கூடவே போய்விடுகிறது.

கெய்சர் பற்றிய பாதி உண்மை

பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம், சூடானால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகப் படிகிறது. பள்ளிக்கூட வேதியியலில் ‘தற்காலிகக் கடினத்தன்மை’ என்று படித்தது இதுதான். சல்பேட்டும் குளோரைடுமாக இருப்பது கொதித்தாலும் போகாத ‘நிரந்தரக் கடினத்தன்மை’. உப்பும் சர்க்கரையும் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறாகச் சூட்டில் கரைவது குறையும். அதனால் கட்டடத்திலேயே அதிகச் சுண்ணாம்பு சேரும் இடம் கெய்சரின் சுருள்.

படிவு ஏறினால் மின்கட்டணம் எகிறும் என்பது விற்பனையாளர்கள் சொல்லும் வாதம். அமெரிக்காவின் பேட்டெல் ஆய்வு நிறுவனம், சாஃப்ட்னர் துறையோடு தொடர்புள்ள ஓர் அறக்கட்டளையின் பணத்தில் நடத்திய சோதனை வேறு விவரம் சொன்னது. வெளியிலிருந்து சூடாக்கும் எரிவாயு ஹீட்டர்களின் திறன் மிகக் கடினமான நீரில் பாதி வரை விழுந்தது. சுருள் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சார ஹீட்டர்களில் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஏனென்றால் அதன் வெப்பம் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும். குறைந்தது ஆயுள்தான். சுண்ணாம்புப் போர்வைக்குள் சுருள் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகிறது. அதே ஆய்வில் சிக்கன ஷவர்கள் கடினநீரில் 18 மாதத்துக்குள் முக்கால் பங்கு ஓட்டத்தை இழந்தன.

சென்னை வீடுகளுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. தெர்மோஸ்டாட்டைக் கடைசிவரை முறுக்கி வைக்காமல் 60 டிகிரி அளவில் வைத்தால் படிவு குறையும். தொட்டியைக் காக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கிறது. உப்பு நீரில் அது வேகமாகக் கரையும். வருடத்துக்கு ஒரு முறை சுருளைக் கழற்றிச் சுத்தம்செய்யும்போது அதையும் பார்ப்பது நல்லது.

ஷவருக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி தேய்த்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கடையில் ‘ஆசிட்’ என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கரைக்கும்தான். ஆனால் கூடவே குழாயின் குரோமையும், டைல்ஸ் இடுக்கின் சிமென்ட்டையும், பளிங்கையும் தின்றுவிடும். அந்த இடுக்கு வழியாக இறங்கும் ஈரம்தான் கீழ்வீட்டுக் கூரையில் வரைபடம் போடுகிறது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உடம்புக்கு என்ன?

கடினநீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும், குளித்தால் முடி கொட்டும் என்ற பேச்சு அடுக்ககங்களில் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வகுக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவை. தோலைப் பொறுத்தவரை, கடினநீர்ப் பகுதிக் குழந்தைகளிடம் எக்ஸிமா சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனையில், வீட்டில் சாஃப்ட்னர் மாட்டியதால் தோல் நோய் கூடுதலாகக் குணமானதாகத் தெரியவில்லை. முடி சொரசொரப்பாவது உண்மை; சோப்பும் கால்சியமும் சேர்ந்த பிசுக்கு முடியில் படிகிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் நுரை சபோனினால் வருவது. சோப்பைப்போல அது கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. கிணற்றடியில் சீயக்காய் நிலைத்ததற்கு மணம் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

சாஃப்ட்னர் போட்ட நீரில்தான் உடல்நலக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. 100 மில்லிகிராம் கடினத்தை நீக்க, நீரில் 46 மில்லிகிராம் சோடியம் ஏறுகிறது. 600-ஐப் பூச்சியமாக்கினால் லிட்டருக்கு 276. இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் நாள் அளவான 2,000-இல் கால் பங்குக்கு மேல். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் உள்ள வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும். ஆர்.ஓ. இருந்தால் சோடியமும் வடிந்துவிடும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகின்றன. டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னதன் பின்னணி இந்த விரயம்தான்.

உப்பு மூட்டைக் கணக்கு

பொதுச் சாஃப்ட்னர் வாங்குவதற்கு முன் ஒரு பென்சில் கணக்குப் போடலாம். 60 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான திட்ட அளவு. நாளொன்றுக்கு 32,400 லிட்டர். கடினம் 600 என்றால் அந்த நீரில் இருப்பது 19 கிலோவுக்கு மேற்பட்ட சுண்ணாம்பு. அத்தனையையும் நீக்கும், சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசினை மறுபடி உயிர்ப்பிக்க, வேதியியல் கணக்குப்படியே 23 கிலோ உப்பு. நடைமுறையில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நாளுக்கு 45 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஒரு நாளுக்குச் சற்று மேல் வரும்.

அந்த உப்பெல்லாம் போவது சாக்கடைக்கு. கட்டடத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதன் நுண்ணுயிரிகள் உப்பில் திணறும். சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விட்டால் சோடியம் மண்ணை இறுக்கும். கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் ஆற்றில் குளோரைடு ஏறியதால், உப்பால் இயங்கும் தானியங்கி சாஃப்ட்னர்களை வீடுகளில் வைக்கவே கூடாது என்று 2008-இல் மக்கள் வாக்களித்து முடிவெடுத்தார்கள்.

ஆனால் அதே கணக்கை வேறு விதமாகவும் போடலாம். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்கு. அதற்கு மென்நீர் தேவையில்லை. மீதி 90 லிட்டரையும் பூச்சியத்துக்கு இறக்க வேண்டியதில்லை. முழு மென்நீரில் சோப்பு போட்டுக் குளித்தால், எத்தனை ஊற்றினாலும் உடம்பு வழவழவென்றே இருக்கும், பழைய ஜி.ஐ. குழாயை அது அரிக்கவும் செய்யும். மிக மெல்லிய சுண்ணாம்புப் படலம் இரும்பைக் காக்கிறது. நீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா, கரைக்குமா என்று கணக்கிடும் சூத்திரத்தை அமெரிக்கப் பேராசிரியர் லாங்கலியர் 1936-லேயே தந்துவிட்டார். எனவே முக்கால் பங்கை மென்மையாக்கி, கால் பங்கை அப்படியே கலந்தால் 150 கிடைக்கும். இப்படிச் செய்தால் நீக்க வேண்டிய சுண்ணாம்பு நாளுக்கு 10 கிலோவுக்குள் அடங்கும். உப்பும் பாதியாகும்.

காந்தம், மின் அலை என்று உப்பே இல்லாத கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. குழாயில் சுற்றிக் கட்டும் காந்தங்களுக்கு ஆய்வுகளில் கிடைத்த பலன் ஒன்றுக்கொன்று முரணானது; பொதுப் பணத்தை அதில் போடுவதற்கு ஆதாரம் போதாது. கால்சியத்தை நுண்படிகமாக்கி ஒட்டவிடாமல் செய்யும் கருவிகளுக்கு ஓரளவு நல்ல முடிவுகள் உண்டு. ஆனால் அவை கால்சியத்தை எடுப்பதில்லை. கெய்சர் பிழைக்கும்; பருப்பும் சோப்பும் பழையபடிதான்.

இரண்டு கிணற்று வழக்கம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நல்லதண்ணிக் கிணறு வேறு, உப்புத்தண்ணிக் கிணறு வேறு. குடிக்கவும் சமைக்கவும் ஒன்று. மாடு குளிப்பாட்ட, பாத்திரம் கழுவ மற்றொன்று. நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் இன்னொரு தெருவுக்குக் குடம் சுமந்தார்கள்; அந்தச் சுமையிலும், யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்ற சாதிக் கட்டுப்பாட்டிலும் போற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் தண்ணீரை வேலைக்கேற்பப் பிரிக்கும் கணக்கு மட்டும் சரியானது. அடுக்ககம் வந்தபோது குடம் போயிற்று, நல்லதுதான். கூடவே பிரிவும் போயிற்று. மெட்ரோ, போர், லாரி மூன்றையும் ஒரே சம்ப்பில் கொட்டி, கலந்த நீரைக் கழிப்பறைக்கும் அனுப்பி, பிறகு அதே கலவையைப் பணம் கொடுத்துப் பிரிக்கிறார்கள்.

புதுக் கட்டடம் என்றால் இரண்டு சம்ப், தடுப்புச் சுவர் உள்ள மொட்டைமாடித் தொட்டி, இரண்டு இறக்கக் குழாய் என்பது வரைபடத்திலேயே முடிகிற காரியம். பழைய கட்டடத்தில் ஜி.ஐ. குழாயை மாற்றும் நாள்தான் வாய்ப்பு. சாரம் கட்டும் செலவுதான் பெரியது. கூடவே ஃப்ளஷுக்கு இன்னொரு குழாய் இறக்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு அதோடு ஒப்பிட்டால் சிறியது. அதையும் செய்ய முடியாத இடத்தில், மெட்ரோ தண்ணீருக்குச் சமையலறை வரை ஒரு தனி லைன் மட்டுமாவது இழுக்கலாம்.

மழையும் இந்தக் கணக்கில் உண்டு. கூரையில் விழும் நீரில் கடினம் அநேகமாக இல்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடியில் 14 லட்சம் லிட்டர் விழும். எண்பது சதவீதம் பிடித்தால் 11 லட்சம். மேலே சொன்ன 60 வீட்டுக் கட்டடத்தின் ஆண்டுத் தேவை 118 லட்சம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தாகத்தை அது தீர்க்காது. ஆனால் ஆழம் குறைந்த கிணற்றில் இறக்கினால் அங்குள்ள நீரை நீர்க்கச் செய்யும். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதற்கு முன்பே, பெசன்ட் நகர்த் தெருக்களில் வீடு வீடாகப் போய் இதை வலியுறுத்தியவர் சேகர் ராகவன். இன்று பல கட்டடங்களில் அந்தக் குழாய்கள் இருக்கின்றன. குழியில் தூர் வாரி எத்தனை வருடம் ஆயிற்று என்பதைத்தான் கேட்க வேண்டும்.

யார் செலவு?

டக்ட்டில் செங்குத்தாக இறங்கும் குழாய், சம்ப், மோட்டார், தொட்டி எல்லாம் பொது. வீட்டுக்குள் கிடைமட்டமாகப் பிரிந்த பின் அந்த வீட்டுக்காரருடையது. பெரும்பாலான சங்கங்கள் வைத்திருக்கும் கோடு இது. தண்ணீர், கழிவு ஏற்பாடுகளைப் பொதுச் சொத்தாகவே தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-உம் பார்க்கிறது. அதோடு ரெரா எனப்படும் மனைவணிகச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரத்திலோ சேவை ஏற்பாட்டிலோ வெளிப்படும் குறையைக் கட்டியவர் தன் செலவில், 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். வெந்நீருக்குத் தவறான குழாய், வால்வே வைக்காத இறக்கம் போன்றவை இந்தக் கெடுவுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டிய புகார்கள். பல சங்கங்கள் விழித்துக்கொள்வது ஆறாவது வருடத்தில்.

சங்கம் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் அளவு, பிறகு வரைபடம், பிறகு பிரிப்பு, கடைசியில் இயந்திரம். நடைமுறையில் இயந்திரம்தான் முதலில் வருகிறது. போர், மெட்ரோ, லாரி என்று மூன்று புட்டிகளில் தனித்தனியாக நீர் எடுத்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக்கூடத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்திலோ கொடுத்தால் கடினம், குளோரைடு, இரும்பு, டி.டி.எஸ். எல்லாம் எழுத்தில் வரும். கலந்த சம்ப் நீரை மட்டும் கொடுப்பதில் அதிகப் பயனில்லை. மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்து, அறிக்கையை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஷவரை மாற்றுவதற்கு முன்னால் 60 வீட்டுக்காரர்களும் அந்தத் தாளில் கடினத்தன்மை என்ற வரியையும், அதன் எதிரே உள்ள எண் 200-க்கு எத்தனை பக்கத்தில், 600-க்கு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு தடவை படித்துவிடலாம்.